தீருவின் எல்லையில் ஒரு தாய்

நான்கு சுவிசேஷங்களையும் பலமுறை பக்தியோடு வாசித்துப் பழகிய உள்ளமும் தயங்கி நிற்கும் இடங்கள் சில உண்டு. அவற்றுள், மாற்கு எழுதிய சுவிசேஷத்தின் 7ஆம் அதிகாரத்தில் 24ஆம் வசனம் தொடங்கி 30ஆம் வசனம் முடிய உள்ள சிறு பகுதியைப்போல் வாசகனைச் சங்கடப்படுத்துவது வேறொன்றில்லை என்பது என் அபிப்பிராயம். கலிலேயாவை விட்டு வடமேற்கே, கடற்கரைப் பட்டணமாகிய தீருவின் எல்லைக்குச் சென்ற இயேசு, தாம் வந்திருப்பதை எவரும் அறியலாகாதென்று கருதி ஒரு வீட்டுக்குள் புகுகிறார். எனினும் மறைந்திருக்க அவரால் இயலவில்லை. அசுத்த ஆவியினால் வருந்தும் தன் சிறு மகளைப் படுக்கையில் விட்டுவிட்டு ஓடிவந்த அந்நிய ஜாதிப் பெண் ஒருத்தி அவர் பாதத்தில் விழுந்து, அந்தக் குழந்தையைக் குணமாக்கும்படி மன்றாடுகிறாள். அவளுக்குக் கிடைத்த விடையோ, முதலில் பிள்ளைகள் வயிறார உண்ணட்டும், பிள்ளைகளுக்குரிய அப்பத்தைப் பிடுங்கி நாய்களுக்கு எறிவது தகாது என்பதாக இருக்கிறது.

தொழுநோயாளியை அருவருக்காமல் தொட்டவரும், ஊரார் வெறுத்த ஆயக்காரரோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்டவரும், ஓய்வுநாளுக்காக மனிதனன்று, மனிதனுக்காகவே ஓய்வுநாள் என்று போதித்தவருமாகிய ஒருவர், நோயுற்ற குழந்தைக்காகக் கையேந்தி வந்த தாயை நாயோடு ஒப்பிட்டுப் பேசினார் என்பதை எப்படி விளங்கிக்கொள்வது? இந்தக் கேள்விக்குக் கிறிஸ்தவ உலகம் ஏறக்குறைய ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளாகச் சொல்லிவந்திருக்கும் சமாதானங்களை ஒருங்கே வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். நோக்குமிடத்து, அவற்றிற் பெரும்பாலானவை அந்தக் கடுஞ்சொல்லை எவ்வாறேனும் மென்மையாக்கிவிட வேண்டும் என்ற நல்லெண்ணத்தினின்று பிறந்தவை என்பதும், அவ்வாறு மென்மையாக்கும் முயற்சியில் அந்தப் பெண்ணுக்கு நியாயமாகக் கிட்டவேண்டிய பெருமை மெல்ல மெல்ல அவளிடமிருந்து கழன்றுபோயிருக்கிறது என்பதும் எனக்குத் தெளிவாகின்றன.

கதையின் மீதியை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தத் தாய் அழுதுகொண்டு திரும்பிப் போகவில்லை; கோபித்துக்கொண்டு எழவுமில்லை. ஆண்டவரே, மேசையின்கீழ் இருக்கும் நாய்களுங்கூடப் பிள்ளைகள் சிந்தும் துணுக்குகளை உண்கின்றனவே என்று விடை பகர்கிறாள். உடனே இயேசு, இந்தச் சொல்லின் நிமித்தம் நீ போகலாம், உன் மகளை விட்டு ஆவி நீங்கிற்று என்கிறார். அவளும் வீடு சென்று, மகள் அமைதியாகக் கட்டிலிற் படுத்திருப்பதைக் காண்கிறாள். கதை இவ்வளவே.

மத்தேயு தம்முடைய 15ஆம் அதிகாரத்தில் இதே நிகழ்ச்சியைச் சொல்லும்போது, கடுமை குறையவில்லை, கூடியே இருக்கிறது. அங்கே அவள் வழியிற் கூவிக்கொண்டு பின்தொடர்கிறாள். இயேசு அவளுக்கு ஒரு வார்த்தையும் பதில் சொல்வதில்லை. பின்னாற் கூப்பிட்டுக்கொண்டே வருகிறாளே, இவளை அனுப்பிவிடும் என்று சீடர்கள் கேட்கிறார்கள்; இஸ்ரவேல் வீட்டாருள் காணாமற்போன ஆடுகளிடத்துக்கே தாம் அனுப்பப்பட்டதாக அவர் சொல்கிறார்; அதன் பிறகே நாயைப் பற்றிய வாக்கியம் வருகிறது. மௌனம், புறக்கணிப்பு, மறுப்பு, அவமதிப்பு என நான்கு கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்தப்படுகின்றன. முடிவில் கிடைக்கும் புகழுரையும் வேறு. மாற்கில் அவளுடைய சொல்லின் பொருட்டு அருள் கிடைக்கிறது. மத்தேயுவிலோ அவளுடைய விசுவாசம் பெரிதென்று பாராட்டப்படுகிறது. பின்வந்த வியாக்கியானங்களின் போக்கையெல்லாம் நிர்ணயித்தது இந்த ஒரு வேறுபாடே என்று கூறினாலும் மிகையாகாது. லூக்கா இக்கதையைச் சொல்லவே இல்லை. ஆயினும் சீதோனைச் சேர்ந்த சாறிபாத்தில் எலியா தீர்க்கதரிசி ஒரு விதவையிடம் அனுப்பப்பட்டதை நாசரேத்தின் ஜெப ஆலயத்தில் இயேசு நினைவூட்டியதையும், அதனால் ஊரார் சினந்து அவரை மலைவிளிம்பிலிருந்து தள்ளிவிடத் துணிந்ததையும் அவர் எழுதியிருக்கிறார்.

அந்தப் பெண்ணின் குலத்தைக் குறிக்க இருவரும் கையாண்ட சொற்கள் நுணுகி நோக்கத்தக்கவை. மாற்கு, அவள் கிரேக்கப் பெண், பிறப்பினால் சீரோபேனிக்கியாவைச் சேர்ந்தவள் என்கிறார். அது அந்தக் காலத்து நாட்டுவழக்கு. மத்தேயுவோ, அக்காலத்தில் வழக்கொழிந்திருந்த ஒரு பழம்பெயரைத் தேடியெடுத்து, அவளைக் கானானிய ஸ்திரீ என்கிறார். புதிய ஏற்பாடு முழுவதிலும் இந்த அடைமொழி பெற்றவர் வேறெவருமில்லை. கானானியர் என்ற பெயர் யூத வாசகனின் செவியில் விழுந்ததும், உபாகமத்தின் 7ஆம் அதிகாரத்தில் அந்த ஜாதியாரோடு உடன்படிக்கை செய்யலாகாது, அவர்களுக்கு இரக்கங் காட்டலாகாது என்று விதித்திருப்பது நினைவுக்கு வரும். அப்படிப்பட்ட பெயரையுடையவள் வாய்திறந்து கேட்கும் முதல் வரமே இரக்கம்! தாவீதின் குமாரனே, எனக்கு இரங்கும் என்று அவள் கூவும்போது, இரங்கலாகாதென்ற பழைய விதியும் இரங்கவேண்டுமென்ற புதிய கூப்பாடும் அந்த வழியில் நேருக்கு நேர் சந்திக்கின்றன. தம் நூலின் முதல் அதிகாரத்தில், தாவீதின் வமிசாவளியிற் கானானியளாகிய ராகாபையும் மோவாபியளாகிய ரூத்தையும் பெயர்சொல்லிச் சேர்த்த மத்தேயு, இதை அறியாமல் எழுதினார் என்று நான் நம்பவில்லை.

தீரு எத்தகைய ஊர் என்பதை அறியாமல் இந்தச் சம்பாஷணையை அளந்து பார்ப்பதும் கடினம். இன்றைய லெபனானில் உள்ள அந்தப் பட்டணம், பண்டைக்காலத்தில் கரையை விட்டு விலகியிருந்த தீவு, கி.மு. 332இல் மகா அலெக்சாந்தர் கடலில் அணைபோட்டு அதைக் கரையோடு சேர்த்துக் கைப்பற்றினான். கப்பல் வாணிபத்தாலும் ஊதாச் சாயத்தாலும் செல்வங் கொழித்த அந்நகரின் வெள்ளி நாணயம் கலப்பற்றதாக இருந்தமையால், எருசலேம் தேவாலயத்து வரியையே அந்நாணயத்திற் செலுத்தும் வழக்கம் இருந்தது. அதன் ஒரு பக்கத்தில் மெல்கார்த் என்னும் புறஜாதித் தெய்வத்தின் முகம் பொறிக்கப்பட்டிருந்ததுங்கூடத் தடையாகவில்லை. ஆனால் கடலில் நெல்லும் கோதுமையும் விளைவதில்லை. தீருவும் சீதோனும் உணவுக்கு ஏரோது அரசனின் நாட்டையே நம்பியிருந்தன என்று அப்போஸ்தலர் நடபடிகளின் 12ஆம் அதிகாரம் கூறுகிறது. ஜெர்மானிய அறிஞர் கெர்த் தைசென் 1989இல் வெளியிட்ட நூலில் இந்தச் செய்தியை முன்வைத்து, கலிலேயாவின் ஏழைக் குடியானவன் விளைவித்த தானியம் பணம் படைத்த தீருவின் களஞ்சியத்துக்குப் போய்விட, அவன் பிள்ளைகள் பசித்திருந்த நிலைமையே அந்த அப்பத்தைப் பற்றிய வாக்கியத்தின் பின்னணி என்று வாதித்தார். கிரேக்க மொழியும் நாகரிகமும் உடையவள் என்ற குறிப்பும், ஏழை விரிக்கும் பாயைச் சொல்லாமல் கட்டிலைச் சொல்லும் சொல்லாட்சியும், அவள் வசதிபடைத்த குடும்பத்தவள் என்பதைக் காட்டுவதாக அவர் கருதினார்.

இந்த விளக்கத்துக்கு வலுவான ஆதாரங்கள் உள்ளன. தீருவாசிகள் யூதரிடம் ஆழ்ந்த விரோதம் பாராட்டியவர்கள் என்று யூத சரித்திராசிரியர் ஜோசீபஸ் எழுதியிருக்கிறார், கி.பி. 66இல் ரோமருக்கு எதிரான கலகம் வெடித்தபோது தீருவில் வாழ்ந்த யூதர் பலர் கொல்லப்பட்டதையும் அவரே குறித்துள்ளார். அந்த யுத்தம் நடந்த காலத்தை ஒட்டியே மாற்கின் சுவிசேஷம் எழுதப்பட்டதென்பது பெரும்பாலான அறிஞர் கொள்கை. ஆகவே எல்லைக்கு இருபுறமும் துவேஷம் மண்டிக்கிடந்தது. யார் பிள்ளை, யார் அந்நியர் என்ற கேள்வி ஏட்டிலுள்ள கேள்வியாக இருக்கவில்லை. எனினும், எல்லாம் சொன்ன பிறகும், படுக்கையிற் கிடக்கும் ஒரு சிறுமி கோதுமை விலையை நிர்ணயித்தவளல்லள். ஒரு ஜாதியின்மேலுள்ள மனத்தாங்கலை அந்த ஜாதியிற் பிறந்த ஒரு குழந்தையின்மேல் இறக்கிவைப்பதையே நாம் பாரபட்சம் என்கிறோம். பொருளாதாரக் காரணம் அதை விளங்கச்செய்யலாமேயன்றி நியாயப்படுத்தாது.

இனி அந்தச் சொல்லுக்கு வருவோம். கிரேக்க மூலத்தில் உள்ளது குனாரியோன் என்பது. அது நாயைக் குறிக்கும் குயோன் என்ற சொல்லின் சிறுமைப் பெயர். இந்தச் சிறு விகுதியைப் பற்றிக்கொண்டு, தெருவிற் குப்பை கிளறும் நாயையன்று, வீட்டில் மடியேறி விளையாடும் செல்ல நாயையே இயேசு குறித்தார் என்று சொன்னவர்கள் மிகப் பலர். ஸ்காட்லாந்து நாட்டின் புகழ்பெற்ற விரிவுரையாளர் வில்லியம் பார்க்லே, குரலின் தொனியும் முகத்தின் சாயலும் சொல்லின் பொருளையே மாற்றிவிடக்கூடியவை என்றும், இயேசு புன்னகையோடு பேசியிருக்க வேண்டும் என்றும் எழுதினார். எத்தனையோ பிரசங்க பீடங்களிலிருந்து அந்தப் புன்னகை இன்றும் ஒலிக்கிறது. ஆனால் மாற்கின் ஏட்டிற் புன்னகை இல்லை. மாற்கு மற்றவிடங்களில் இயேசுவின் பார்வையையும் பெருமூச்சையும் கோபத்தையும் மனவுருக்கத்தையும் குறிப்பிடத் தவறாதவர். பணக்கார மனிதன் ஒருவனை இயேசு அன்போடு உற்றுநோக்கினார் என்றுகூட எழுதியவர். இங்கே எதுவும் எழுதவில்லை. அவர் எழுதாததை நாம் எழுதிச்சேர்ப்பது வியாக்கியானமாகாது.

தமிழ் வாசகர்களுக்கு இந்த இடத்தில் ஒரு தனிச் சங்கடம் இருக்கிறது. நம்முடைய வேதாகமப் பழைய மொழிபெயர்ப்பும், கத்தோலிக்கரும் பிறரும் வழங்கும் பின்னாளைய மொழிபெயர்ப்பும், இந்தச் சொல்லை நாய்க்குட்டி என்றே பெயர்த்திருக்கின்றன. குட்டி என்றவுடன் கண்திறவாத இளங்குட்டி நம் மனக்கண்முன் வருகிறது. இரக்கமும் கூடவே வந்துவிடுகிறது. கிரேக்கச் சொல்லோ வயதைக் குறிப்பதன்று, உருவத்தையோ வீட்டுப் பழக்கத்தையோ குறிப்பதே. அக்காலப் பேச்சுவழக்கில் இத்தகைய சிறுமை விகுதிகள் பெரும்பாலும் பொருளிழந்து வழங்கின என்பதையும் மொழிநூலார் எடுத்துக்காட்டியுள்ளனர். விகுதி பொருளோடு இருக்கிறதென்றே கொண்டாலும், தெருவில் ஒருவனை நோக்கி நாயே என்பதற்குப் பதிலாக நாய்க்குட்டியே என்று ஒருவன் சொன்னால், ஏச்சுக்கேட்டவன் மனம் குளிர்ந்துவிடுமா? தமிழ் கேட்டு வளர்ந்த எவரும் இதற்கு விடை தேடி ஏடு புரட்ட வேண்டியதில்லை.

விகுதியின் உண்மையான அழகு வேறிடத்தில் இருக்கிறது. மாற்கின் ஏழே வசனங்களில் சிறு மகள், சிறு நாய், சிறு துணுக்கு, சிறு பிள்ளை என்று இந்தச் சிறுமைப் பெயர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வருகின்றன. மேலும், இயேசு பிள்ளைகளைக் குறிக்க ஒரு சொல்லைக் கூற, அந்தத் தாய் விடைசொல்லும்போது அதை விட்டு, வீட்டில் ஓடியாடும் சிறு குழந்தையைக் குறிக்கும் வேறொரு சொல்லை எடுத்துக்கொள்கிறாள். மத்தேயுவில் துணுக்குகள் எஜமானரின் மேசையிலிருந்து விழுகின்றன; மாற்கிலோ அவை பிள்ளைகளின் துணுக்குகள். சாப்பிடும் குழந்தை பாதியைச் சிந்தும் என்பதும், மேசைக்குக் கீழே காத்திருக்கும் நாயை நோக்கி யாரும் பாராதபோது ஒரு துண்டை நழுவவிடும் என்பதும், குழந்தை வளர்த்தவளுக்குத் தெரியும். இயேசு ஒரு கோட்பாட்டைச் சொன்னார்; அவளோ தன் வீட்டு மேசையைச் சொன்னாள்.

நாய் என்ற சொல் வேதத்தில் நல்லபடியாக வருவது அரிது. கோலியாத்து தன்னை நாயென்று நினைத்தாயோ எனத் தாவீதிடம் சீறுகிறான்; யெசபேலின் உடலை நாய்கள் தின்கின்றன; தோபித்தின் ஆகமத்தில் மட்டும் இளைஞனோடு ஒரு நாய் துணையாக நடந்துபோகிறது. பெனிக்கேயர் வாழ்ந்த கடற்கரையில் மனப்பான்மை முற்றிலும் இவ்வாறிருந்ததில்லை போலும்: 1985 முதல் அஸ்கலோனில் லாரன்ஸ் ஸ்டேகர் நடத்திய அகழ்வில், பாரசீகர் காலத்தில் ஒவ்வொன்றாகக் குழிதோண்டிக் கருத்தோடு புதைக்கப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் எலும்புகள் கிடைத்தன. அந்தப் பெண் நாயைப் பற்றிய வாக்கியத்தைக் கேட்டு அதிர்ந்து ஒடுங்காமல் அதையே எடுத்துப் பேசியதற்கு, அவளுடைய கரையில் நாய் வீட்டுக்குள் இடம்பெற்ற பிராணியாயிருந்ததும் ஒரு காரணமாகலாம்.

ஆனால் இவ்விடத்தில் வியாக்கியானகாரர் பலர் ஒரு பெரும் தவறு செய்திருக்கின்றனர். யூதர்கள் புறஜாதியாரை நாய்கள் என்று அழைப்பது வழக்கம், இயேசு அந்த ஊர்வழக்கை எடுத்துச் சொல்லிச் சீடர்களின் குறுகிய புத்தியைச் சோதித்தார் என்று எண்ணற்ற உரைநூல்களில் எழுதியிருக்கிறது. அந்த வழக்கம் இருந்ததற்குச் சான்று எங்கே என்று தேடினால், இந்தச் சுவிசேஷப் பகுதியையே திரும்பச் சுட்டிக்காட்டுகிறார்கள். அமெரிக்க அறிஞர் மார்க் நானோஸ் 2009இல் எழுதிய ஆராய்ச்சியில், இந்தக் கூற்று சுமார் ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளாக ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிவந்த கதையேயன்றி நிரூபிக்கப்பட்டதன்று என்று எடுத்துக்காட்டினார். அந்நியர்மேலுள்ள பாரபட்சத்தைக் கண்டிக்க எழுந்த வியாக்கியானம், யூதர்மேல் ஒரு பாரபட்சத்தைக் கட்டிக்கொண்டு முடிந்தது.

இதன் விளைவு ஏட்டளவில் நின்றுவிடவில்லை. அந்தியோகியாவில் 386ஆம் ஆண்டு, பொன்வாயர் என்று போற்றப்படும் யோவான் கிறிசோஸ்தோம், யூதருக்கு எதிராகத் தாம் நிகழ்த்திய பிரசங்க வரிசையின் முதற்பிரசங்கத்திலேயே இந்த வாக்கியத்தை எடுத்துத் தலைகீழாகப் புரட்டினார்: முன்பு பிள்ளைகளாயிருந்தவர்கள் நாய்களானார்கள், முன்பு நாய்களாயிருந்த நாமோ பிள்ளைகளானோம் என்பது அவர் வாதம். தீருவின் தாய் மேசையின் கீழிருந்து ஒரு துணுக்கு கேட்டாளேயன்றி, மேலே உட்கார்ந்திருக்கும் பிள்ளையைக் கீழே தள்ளச் சொல்லவில்லை. அவள் பெயரால் மேசையில் இடம்பெற்றவர்கள் செய்த முதற்காரியம் அதுவாயிருந்தது என்பதை நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

அதே கிறிசோஸ்தோம், மத்தேயுவின்மேல் நிகழ்த்திய 52ஆம் பிரசங்கத்தில், இந்தப் பெண்ணை மிக உருக்கமாகப் புகழ்ந்திருக்கிறார். அவள் இன்ன விடை சொல்வாள் என்று கிறிஸ்து முன்பே அறிந்திருந்தார். அவளுக்குள் மறைந்திருந்த புதையலை வெளிப்படுத்தவே அருளைத் தாமதித்தார் என்பது அவர் கொள்கை. அவர் காலத்துக்கு முன்பே, கிளமெந்தின் பெயரால் வழங்கும் பிரசங்கத் தொகுதி, அந்தத் தாய்க்கு யுஸ்தா என்றும் மகளுக்குப் பெர்னிக்கே என்றும் பெயரிட்டு, அவள் புறஜாதி ஆசாரங்களை விட்டொழித்த பின்னரே மகள் சுகமானாள் என்று கதையை மாற்றிவிட்டது. அந்நியள் அந்நியளாகவே அருள்பெற்றாள் என்பதை ஏற்க மனமில்லாமையே அதில் தெரிகிறது. அகுஸ்தீன் அவளைத் தாழ்மையின் உருவமாகக் கண்டார். மார்ட்டின் லூத்தர், 1525இல் வெளிவந்த தபசுகாலப் பிரசங்கங்களில், இல்லை என்று ஒலிக்கும் கடவுளின் குரலுக்குள்ளே ஆம் என்பது மறைந்திருப்பதைக் கண்டுபிடித்து, கிறிஸ்துவை அவருடைய சொல்லாலேயே பிடித்துக்கட்டியவள் அவள் என்று களிப்போடு பேசினார். துன்பப்படும் ஆத்துமாவுக்கு இதைவிட ஆறுதலான போதனை கிடைப்பது அரிது. மாற்கின் கருத்துக்கு மிக அருகில் வந்தவரும் பழைய ஆசிரியர்களுள் லூத்தரே. ஆனால் அவருங்கூட அவளுடைய வாதத்தின் நியாயத்தைவிட அவளுடைய பொறுமையையே பெரிதாகக் கொண்டார்.

தாழ்மை என்ற இந்த வியாக்கியானம் தமிழருக்கு மிக எளிதில் இனிக்கும். மாணிக்கவாசகர் தம்மை நாயேன் என்று திருவாசகத்தில் எத்தனையோ இடங்களில் அழைத்துக்கொள்கிறார். அதைக் கேட்டுக் கண்ணீர் விடாத பக்தர் இல்லை. ஆயினும் அடியவன் தன்னை நாயென்று சொல்லிக்கொள்வது வேறு, பிறனொருவன் அவனை நாயென்பது வேறு. முன்னது அன்பின் மிகுதி, பின்னது அவமதிப்பு. தீருவின் தாய் தானாகத் தன்னை அவ்வாறு அழைத்துக்கொள்ளவில்லை. அவள்மேல் வந்து விழுந்த சொல்லைத் தாங்கி, அதையே படியாக்கி ஏறினாள். இவ்விரண்டையும் ஒன்றாக்கினால், அவமானப்பட்டவனைப் பார்த்து, நீ தாழ்மையாக இருக்கக் கற்றுக்கொள் என்று சொல்வதற்கு வேதம் துணைநிற்கிறது என்றாகிவிடும்.

அப்படி ஆனதும் உண்டு. ஆங்கிலிக்கன் சபையின் பொது ஜெப புத்தகத்தில், 1549 முதல், நற்கருணை பெறுமுன் சொல்லும் ஜெபம் ஒன்று இந்தக் கதையிலிருந்து எடுக்கப்பட்டது. உம்முடைய மேசையின் கீழ் விழும் துணுக்குகளைப் பொறுக்கவும் நாங்கள் பாத்திரரல்லோம் என்பது அதன் கருத்து. அந்த ஜெபம் வழங்கிய சபைகளில், பாத்திரத்திலிருந்து எந்த ஜாதியார் முதலிற் பருகுவது, எந்த ஜாதியார் எங்கே உட்காருவது என்ற வழக்கு நம் நாட்டில் ஓயாமல் நடந்தது. கல்கத்தாவின் அத்தியட்சராயிருந்த டானியேல் வில்சன் 1833இல் சபைக்குள் ஜாதி வேற்றுமை அறவே ஒழியவேண்டும் என்று நிருபம் அனுப்பியபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே விலகினர். துணுக்குக்கும் பாத்திரரல்லோம் என்று முழந்தாளிட்ட உதடுகளே, பக்கத்தில் முழந்தாளிட்டவனோடு ஒரே பாத்திரத்தைப் பகிர்ந்துகொள்ள மறுத்தன.

சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில், இதுவரை மேசையின் கீழ் இருந்தவர்களாகத் தம்மை உணர்ந்தவர்களே இந்தக் கதையை எடுத்து வாசிக்கத் தொடங்கினர். அமெரிக்க அறிஞர் ஷாரன் ரிஞ்சி 1985இல், இந்தப் பெண் இயேசுவிடம் ஒரு கொடையைப் பெற்றாள் என்பதோடு, அவருக்கு ஒரு கொடையைத் தந்தாள் என்றும் எழுதினார். அவள் செல்வக் குடும்பத்தவளாக இருக்கலாம் என்ற தைசெனின் வாதத்தைக் கண்டபின், 2001இல் தம் கருத்தைத் தாமே மறுபடி ஆராய்ந்து திருத்தவும் செய்தார். இத்தகைய நேர்மை ஆராய்ச்சி உலகில் அரிதாகக் காணப்படுவது. இலங்கையரான சுகிர்தராஜா 1986இல் இப்பெண்ணைப் பற்றித் தனிக்கட்டுரை எழுதினார். போட்ஸ்வானா நாட்டின் மூசா தூபே 2000இல் வெளியிட்ட நூலில், மத்தேயுவின் கதையையே சந்தேகக் கண்ணோடு பார்த்து, அந்நிய நாட்டுக்குள் புகுந்து அந்நாட்டாரைத் தாழ்ந்தவராகச் சித்திரிக்கும் ஆட்சிமனப்பான்மை அதில் இருக்கிறதென்றார்; தம் நாட்டுச் சுதந்திரச் சபைகளின் பெண்கள் அதே கதையை எவ்வாறு வாசிக்கிறார்கள் என்பதையும் கேட்டறிந்து எழுதினார். 2006இல் சுரேகா நேலவாலா தலித் பெண்ணின் நிலையிலிருந்து இதை வாசித்தார்; தீண்டாமையின் கீழ் வாழ்ந்த சமூகத்துக்கு, மேசையின் கீழ் விழும் மிச்சம் உவமையன்று, வாழ்க்கை.

இந்த வாசிப்புகளால் எழும் பெரிய கேள்வி ஒன்று உண்டு. அந்தப் பெண்ணிடமிருந்து இயேசு கற்றுக்கொண்டார் என்றால், அவரிடம் குறையிருந்ததென்றாகாதா? பக்தியுள்ளவர்கள் இதைக் கேட்டு நடுங்குவது இயல்பே. ஆனால் 451இல் கல்சேதோன் சங்கம் அவரை மெய்யான தேவனென்று சொன்ன அதே மூச்சில் மெய்யான மனிதனென்றும் அறிக்கையிட்டது. அவர் ஞானத்தில் வளர்ந்தார் என்று லூக்காவும், பாடுகளினாற் கீழ்ப்படிதலைக் கற்றார் என்று எபிரெயருக்கு எழுதிய நிருபமும் கூசாமற் கூறுகின்றன. கற்பது பாவமன்று, பிறந்த ஊரின் எல்லைக்குள் வளர்ந்த மனிதன் அந்த எல்லையைக் கடக்கக் கற்கவேண்டியிருப்பதும் பாவமன்று. அந்நியளொருத்தியின் சொல் நியாயமென்று தெரிந்த பின்பும் தன் சொல்லையே பிடித்துக்கொண்டு நிற்பதுதான் பாவம். அதை அவர் ஒரு கணமும் செய்யவில்லை.

மாற்கு இக்கதையை வைத்திருக்கும் இடத்தைப் பார்த்தால், அவர் கருத்து என்னவென்று ஐயப்பட இடமில்லை. இதற்கு முன்னே, புறத்திலிருந்து உள்ளே போகிற எதுவும் மனிதனைத் தீட்டுப்படுத்தாது என்ற போதனை நிற்கிறது. அதை அடுத்து இயேசு தீட்டென்று கருதப்பட்ட நாட்டுக்குள் நடக்கிறார். ஆறாம் அதிகாரத்தில் ஐயாயிரம் பேர் உண்டு திருப்தியடைந்தனர், பன்னிரண்டு கூடை மீந்தது. எட்டாம் அதிகாரத்தில் நாலாயிரம் பேர் உண்டு திருப்தியடைந்தனர், ஏழு கூடை மீந்தது. முதற்பந்தி யூதர் நடுவே. இரண்டாவது, தெக்கப்போலி நாட்டுப் புறஜாதியார் வாழும் திசையில், அவர்களிற் சிலர் தூரத்திலிருந்து வந்தவர்கள். திருப்தியடைவதைக் குறிக்கும் கிரேக்க வினைச்சொல் மாற்கின் நூலில் அந்த இரு பந்திகளிலும், அவற்றுக்கு நடுவே தீருவின் வீட்டிலுமாக மூன்றே நிகழ்ச்சிகளில் வருகிறது: பிள்ளைகள் முதலில் திருப்தியடையட்டும் என்ற அந்த வாக்கியத்தில். முதல் என்ற சொல்லுக்குப் பின் என்ற சொல் உண்டென்பதை அவள் பிடித்துக்கொண்டாள். பின் என்று காத்திருக்கவும் வேண்டாம், ஒரே வேளையில் இருவரும் உண்ணலாம், யாருடைய அப்பத்தையும் பிடுங்கவேண்டியதில்லை என்று காட்டினாள். அவள் மறுத்தது நாய் என்ற பெயரையன்று. ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவருக்குக் குறையும் என்ற கணக்கையே. மாற்கு எழுதிய சுவிசேஷத்தில் இயேசு எத்தனையோ வேதபாரகரோடு வாதிட்டு அவர்களை வாயடைக்கச் செய்கிறார். எதிரே நிற்பவரின் சொல்லுக்கு அவர் இணங்குவது இங்கே ஒருமுறைதான். அவரை ஆண்டவரே என்று அழைத்து அவர் சொல்லை வென்ற அந்தப் பெண்ணுக்கு மாற்கு பெயர் தரவில்லை. ஆனால் மகள் சுகமானது அவளுடைய சொல்லின் நிமித்தம் என்பதைக் கர்த்தருடைய வாயினாலேயே சொல்லவைத்திருக்கிறார். இந்தச் சொல்லின் நிமித்தம் என்ற அந்தச் சிறு தொடரை விழுங்கிவிடும் எந்த வியாக்கியானமும், எவ்வளவு பக்தி நிறைந்ததாயினும், மாற்கின் வியாக்கியானமாகாது.

கத்தோலிக்கத் திருச்சபையின் ஞாயிறு வாசக அட்டவணையில், மாற்கு வாசிக்கப்படும் ஆண்டின் பொதுக்காலத்து 22ஆம் ஞாயிறன்று, 7ஆம் அதிகாரத்தின் தீட்டைப் பற்றிய விவாதம் வருகிறது. 23ஆம் ஞாயிறன்று, அதே அதிகாரத்தின் 31ஆம் வசனத்தில் தொடங்கி, செவிடனொருவன் குணமான கதை வருகிறது. இடையிலுள்ள ஏழு வசனங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு வருவதில்லை. அவை பொதுக்காலத்து ஐந்தாம் வாரத்தின் வியாழக்கிழமையில், ஆலயத்திற் சிலரே கூடியிருக்கும் பூசையில் வாசிக்கப்படுகின்றன. மத்தேயுவின் கதைக்கு ஒரு ஞாயிறு உண்டு; அது விசுவாசத்தைப் புகழும் கதை. வியாழக்கிழமையில் வாசிக்கும் பொறுப்புடையவர்களையும், மற்றச் சபைகளில் இந்தப் பகுதியைப் பிரசங்கத்துக்கு எடுக்கும் ஊழியர்களையும் நான் வேண்டிக்கொள்வது ஒன்றே: 27ஆம் வசனத்தைத் தாழ்ந்த குரலில் விரைந்து கடந்துவிடாமல், புன்னகை எதையும் சேர்க்காமல், எழுதியிருக்கிறபடியே நிறுத்தி வாசியுங்கள், 29ஆம் வசனத்தையும் அவ்வாறே வாசியுங்கள்.